மீதி இருபத்தெட்டு

சேலையூர்,
13.11.2025, வியாழன் மாலை.

அன்புள்ள ஓவியாவுக்கு,

ஒருவர் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்த பிறகு, அந்தச் சத்தியம் அவருக்கே கேடாக முடியும் என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு நாளாக யோசித்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயேதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல் எழுதிக்கொள்வோம். இதை என்னால் ஆங்கிலத்தில் எழுத முடியவில்லை. நடந்தது முழுக்கத் தமிழில் நடந்தது, ஒரு தமிழ்ச் சொல்லால் நடந்தது. போன் செய்திருக்கலாம். செய்தால் நீ நடுவில் அழுவாய், நான் என் வழக்கப்படி வாயை மூடிக்கொள்வேன், முக்கியமானது நின்றுபோகும். அதனால் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்பப் போகிறேன். ஆய்வகத்தில் இருந்தால் இப்போது படிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

முடிவை முதலில் எழுது, விவரத்தைப் பிறகு எழுது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆகையால் முதலில் முடிவு. உன் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஏப்ரலில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்யலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று முறை ஏற்றிக்கொண்டார். ஜூலைக்குப் பிறகு போகவில்லை. நான்கு மாதமாக அவர் சாப்பிட்டுவரும் மருந்து, வறுத்து இடித்த புளியங்கொட்டைத் தூள். அதுதான் உன் ஆராய்ச்சி என்று நம்பிச் சாப்பிடுகிறார்.

கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

ஜூன் மாதம் நீ எனக்கு ஒரு படம் அனுப்பினாய், நினைவிருக்கிறதா? வீடியோ காலில் பிடித்தது. உனக்குக் கொரியாவில், புசானில் வேலை நிரந்தரமானதற்காக அம்மா குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டார், பாருங்கள் மேடம், என்னிடம் சொல்லவேயில்லை என்று எழுதியிருந்தாய். நானும் வேண்டுதல் விஷயத்தில் எனக்கு இருக்கும் கருத்தைச் சொல்லாமல், 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி போட்டேன். அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். புருவமும் இல்லை, ஓவியா. நாம் இருவரும் அளவெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். இருவருமே பார்க்கவில்லை.

இனி விவரம்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணி இருக்கும். ஜோனத்தான் (உனக்குப் பிறகு சேர்ந்த ஆராய்ச்சி மாணவன், உன் இடத்தில் உட்காருகிறான், உன்னைவிட அதிகம் கண்ணாடி உடைக்கிறான்) உலர்த்தும் கருவியை மறுபடி பழுதாக்கிவிட்டு என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கேட்டில் இருந்து வாட்ச்மேன் பொன்னுரங்கம் போன் செய்து, 'ஓவியாவோட அம்மா வந்துகீறாங்க மேடம், அனுப்பட்டுமா' என்றார். முன்பெல்லாம் நீ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டையோ, உனக்கு வேண்டிய புளியங்கொட்டையையோ எடுத்துக்கொண்டு வருவாரே, அப்படித்தான் நினைத்தேன். எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

தலையில் முந்தானையை இழுத்து மூடியிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். சர்க்கரை என்றார். நான் நம்பினேன். பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பழுப்பு நிறத் தூள், மூன்று முறை சலித்தது போல் மெல்லியதாக இருந்தது. ஜோனத்தானுக்காகக் கொண்டுவந்திருக்கிறார் என்று எண்ணி, இவ்வளவு வறுத்தால் எங்களுக்கு உதவாது, பச்சையாக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், 'மேடம், ஒண்ணு கேக்கணும். ஓவியாவுக்குத் தெரியக் கூடாது. கைமேல அடிச்சி சொல்லுங்க, அப்பதான் சொல்வேன்' என்றார்.

எனக்குச் சத்தியங்களில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாததால்தான் சட்டென்று அடித்துக் கொடுத்தேன். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார், அதைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கேட்டது இதுதான்: 'எழுபத்தி ரெண்டு பர்சன்ட் இதுலயே போயிடும்னு போட்டுகீது. மீதி இருபத்தெட்டுக்கு இன்னா பண்ணணும் மேடம்?'

எனக்குப் புரியவில்லை. எது எழுபத்திரண்டு என்று கேட்டேன். அவர் ஜோனத்தானை வெளியே போகச் சொல்லும்படி கண்ணால் காட்டினார். அவன் போனதும் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார். உன் ஆராய்ச்சி பற்றி வந்த, லேமினேட் செய்த அந்தச் செய்தித் துண்டு. நீ கொரியா கிளம்பும்போது நான் உங்கள் வீட்டுக்கு வந்து கொடுத்தேனே, அதேதான். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: ஏப்ரல், கட்டி, மருந்து, வாந்தி, முடி. சொல்லும்போது குரல் தாழவேயில்லை. காய்கறிக் கடையில் நின்று விலை சொல்வதுபோல் சொன்னார். காலையிலும் மாலையிலும் வெந்நீரில் இரண்டு ஸ்பூன். மாவைப் பசையாகக் காய்ச்சிக் கட்டிமேல் பற்றும் போடுகிறாராம். புண்ணில் கிருமி அண்டாது என்று நீ ஒருமுறை சொல்லியிருக்கிறாயாம். நான்கு மாதமாகியும் கட்டி கரையவில்லை, கொஞ்சம் பெரிதானதுபோல்கூட இருக்கிறது. எழுபத்திரண்டு போயும் மீதி இருபத்தெட்டு அடம்பிடிக்கிறது என்று அவர் கணக்கு. ஸ்பூனைக் கூட்டலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பெடுத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? தட்டில் வளர்க்கும் செல் வேறு, உடம்பு வேறு என்றேன். தட்டில் இருக்கும் புற்றுநோய் செல்லைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கொல்லும், அதற்காகச் சோப்பைக் குடிப்பார்களா என்றேன். புளியங்கொட்டையில் இருப்பது ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி, சாப்பிட்டால் வெறும் நார்ச்சத்து, நாங்கள் சோதித்தது அதை அல்ல, அதை வேதியியல் முறையில் மாற்றியமைத்த வேறொரு பொருளை என்றேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். கடைசியில், 'நானும் மாத்திதானே மேடம் குடிக்கிறேன். பச்சையாவா திங்கிறேன்? வறுத்து, தோலெடுத்து, ஊறவெச்சி, காயவெச்சி, இடிச்சி, சலிச்சி... இதுக்கு மேல இன்னாத்த மாத்துறது?' என்றார். பிறகு லேமினேட்டின் ஓரத்தைக் காட்டி, 'நீங்கதானே கையெழுத்து போட்டுக் குடுத்தீங்க' என்றார்.

அது கையெழுத்து அல்ல, ஓவியா.

இந்த இடத்தை நான் மெதுவாக எழுத வேண்டும். 2023 பிப்ரவரியில் நம் பகுதி வார இதழிலிருந்து நிருபர் போன் செய்தார். நான் எழுதிவைத்துப் படித்த வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம்: 'வேதியியல் முறையில் மாற்றியமைக்கப்பட்ட புளியங்கொட்டைப் பல்சர்க்கரை, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் செல்களில் எழுபத்திரண்டு விழுக்காட்டை அழித்தது.' அச்சில் வந்தது: 'புளியங்கொட்டை 72% புற்றுநோயை அழிக்கும்! ராஜகீழ்ப்பாக்கம் மாணவி சாதனை.' இடம் போதவில்லை மேடம், நீளமான வார்த்தையை எடுத்துவிட்டோம் என்றார் நிருபர். அந்த மாதம்தான் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. முதல்வர் அந்தத் துண்டைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார். திருத்தம் கேட்டு நான் எழுதவில்லை. ஒரு வாரத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும், இதை யார் நம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். எதையும் நம்பாத எனக்கு, மற்றவர்களும் நம்ப மாட்டார்கள் என்ற ஒரு நம்பிக்கை மட்டும் இருந்திருக்கிறது.

ஆனாலும் மனம் உறுத்தியது. அதனால் உனக்கு லேமினேட் போடுவதற்கு முன், விடைத்தாள் திருத்துவதுபோல், 'புளியங்கொட்டை' என்ற சொல்லுக்கு முன்னால் விடுபட்ட சொல்லைச் சேர்க்கும் கூரைக்குறி ஒன்று போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் 'மாற்றியமைக்கப்பட்ட' என்று எழுதினேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும். முதல் எழுத்துக்குப் பிறகு ஒரே கோடு. உன் அம்மா அதைக் கையொப்பம் என்று எடுத்துக்கொண்டார். மேடமே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய்யாகுமா என்று இருந்திருக்கிறார். பொய்யை மறுப்பதற்காக நான் எழுதிய ஒரே சொல்லே அதற்குச் சாட்சியாகிவிட்டது.

அதே தட்டில் நல்ல செல்களும் நூற்றுக்கு முப்பத்தொன்று செத்தன. நிருபர் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செவ்வாய் அன்று அவர் போனபின் நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்து வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் வினைச் சமன்பாட்டை எழுதி, பாதியில் நின்று, அடுத்து என்ன வரும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். அவர்கள் நான் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

புதன் சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கத்தில் உங்கள் கடைக்குப் போனேன். குமரேசன் மணல் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். உன் அண்ணனுக்கு நோய் தெரியும். மருந்து நின்றது தெரியாது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'நான்தான் மேடம் ஒவ்வொரு தபாவும் தாம்பரம் ஸ்டேஷன்ல இறக்கிவுட்டேன். லோடு வர்ற டைம்ல கடைய வுட்டுட்டு வராத, எனக்கு வழி தெரியும்னு சொல்லிச்சு. சாயங்காலம் நானே போய் கூட்டிகினு வருவேன். டயர்டா இருக்கும். நானும் மருந்து ஏத்திகினு வருதுன்னு நெனச்சிகினு...'  அப்படியே ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

செவ்வாயன்று உன் அம்மா என்னிடம் சொன்னபடி, ஸ்டேஷனுக்குள் போய், ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் கடற்கரை ரயிலுக்குப் பதில் எதிர்த்திசையில் செங்கல்பட்டு ரயில் ஏறியிருக்கிறார். சிங்கப்பெருமாள் கோவிலில் உன் சித்தி வீட்டுக்குப் போய், அங்கே புளி உடைத்து எடுத்த கொட்டையைப் பொறுக்கி, வறுத்து, இடித்துக்கொண்டு, அடுத்த மூன்று வாரத்துக்கான பாட்டிலோடு திரும்பியிருக்கிறார். உன் சித்தியிடம், ஓவியா மேல்படிப்புக்குக் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். களைப்பு உண்மைதான். நாள் முழுக்க உலக்கை பிடித்தவர் களைத்துத்தானே வருவார்.

ஏன் இப்படிச் செய்தார் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். வாந்தியும் வலியும் ஒரு காரணம். இன்னொன்று, நான்காவது முறை போயிருந்தால் அறுவைக்குத் தேதி குறித்திருப்பார்கள், குறித்தால் குமரேசன் உனக்குச் சொல்லியிருப்பான், நீ வேலையை விட்டு வந்திருப்பாய். ஆனால் இவை இரண்டும் இல்லாவிட்டாலும் அவர் அதைச் செய்திருப்பார் என்றே நினைக்கிறேன். 'என் பொண்ணே மருந்து கண்டுபிடிச்சிகீறா, நான் போயி எவனோ ஏத்துற மருந்துக்கு வரிசையில நிக்கிறதா' என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றுகிறது.

புதன் வீட்டுக்குப் போகும் வழியில் மறுபடி கல்லூரிக்குள் நுழைந்தேன். சொல்லிப் பயனில்லை, எதையாவது காட்ட வேண்டும். உன் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆகவே அலமாரியில் உன் பழைய குறிப்பேடுகளைத் தேடினேன். மூன்றாவது குறிப்பேடு, நாற்பத்தேழாம் பக்கம். உனக்கு நினைவு வருகிறதா?

வேதிமாற்றம் எதுவும் செய்யாத வெறும் மாவையும் ஒப்பீட்டுக்காகச் சோதிக்க வேண்டும், அது இல்லாமல் ஒரு எண்ணையும் நம்ப மாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். நீ உன் அம்மா இடித்துக் கொடுத்த மூன்று டப்பா மாவையும் எடுத்துக்கொண்டாய். அவற்றுக்கு முறையான குறியீடு போடச் சொன்னேன். நீ தமிழில் 'அம்மா 1', 'அம்மா 2', 'அம்மா 3' என்று பெயர் வைத்தாய். இது சமையலறை அல்ல என்று நான் திட்டினேன். ஆய்வேட்டில் மாற்றினாய், குறிப்பேட்டில் மாற்றவில்லை. அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்காததற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

இன்று காலை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்தக் குறிப்பேட்டோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். மழை பெய்து உங்கள் தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். குமரேசனும் இருந்தான். உன் அம்மா என்னைப் பார்த்ததும், 'இன்னா மேடம், சொல்லிட்டீங்களா அவன்கிட்ட? நல்லா கீது உங்க சத்தியம்' என்று சிரித்தார். ஓவியாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம், குமரேசனிடம் சொல்ல மாட்டேன் என்று இல்லையே என்றேன். 'படிச்சவங்க கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா' என்று காபி போடப் போனார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நான் யாரையும் அப்படித் தொட்டுப் பேசுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். மேலே கிருமிச் சோதனைப் பட்டியல்: எந்தப் பொருளைச் சுற்றிக் கிருமி எத்தனை மில்லிமீட்டர் செத்தது என்பது. கீழே நீ ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த செல் தட்டு, வரிசை வரிசையாக வட்டங்கள். ஐந்தாவது வரை படித்தவர்தானே, எழுத்துக் கூட்டிப் படித்தார். 'அம்மா ஒண்ணு... அம்மா ரெண்டு... அம்மா மூணு. இது என் பொண்ணு கையெழுத்து' என்று தடவினார். 'இது நான் இடிச்ச மாவா?' என்றார். ஆமாம் என்றேன். பெயருக்கு நேராக இருப்பதைப் படிக்கச் சொன்னேன்.

'சைபர்' என்றார். அடுத்த வரியில் விரலை வைத்தார். 'சைபர்.' மூன்றாவதையும் படித்தார்.

பிறகு வட்டங்களைப் பார்த்தார். மாற்றியமைத்த பொருள் விட்ட வட்டங்களெல்லாம் வெளுத்திருந்தன. 'அம்மா' என்று எழுதிய வரிசை மட்டும் அடர்ந்த ஊதா. 'இதான் நல்ல கலரா கீது' என்றார். அங்கே பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், ஓவியா. இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக ஒரு முடிவை மறைக்கத் தோன்றியது. மறைக்கவில்லை. ஊதா என்றால் புற்றுநோய் செல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், வெளுத்தால்தான் செத்தது என்றேன்.

அந்த வரிசையில் விரலை ஓட்டினார். 'அப்ப என் மாவுல அது சோக்கா வளந்துகீது' என்றார். இல்லை, மாவு அதை வளர்க்கவும் இல்லை, கொல்லவும் இல்லை, சும்மா இருந்தது என்றேன். 'சும்மா கீறதுக்கா இத்தினி இடி இடிச்சேன்?' என்றார். குமரேசன் எழுந்து வெளியே போய்விட்டான்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு வந்தது. 'அப்ப என் பொண்ணுக்கு அப்பவே தெரியும்' என்றார். 'உன் மாவு இல்லாட்டி என் ஆராய்ச்சியே இல்லம்மான்னு சொல்லிகினு இருந்தாளே.' அது பொய்யில்லை, அந்த சைபர் இல்லாவிட்டால் எழுபத்திரண்டுக்கு மதிப்பே இல்லை என்று விளக்கினேன். நான் இந்த முறை வகுப்பெடுக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. குறிப்பேட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் குடித்தேன்.

நாளை காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்தில், டிக்கெட் கொடுக்குமிடத்தில் நிற்பேன், உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.  'தண்ணியில பாத்து போங்க, மேடம். பேஜார் புடிச்ச ரோடு' என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வார இதழுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். இரண்டே முக்கால் வருடம் கழித்து. போடுவார்களோ என்னவோ. வரவேற்பறையில் மாட்டியிருப்பதை நாளை மறுநாள் என் கையாலேயே கழற்றிவிடுவேன். வேறு யார் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

நீ உன்னை நொந்துகொள்வாய். நொந்துகொள்ள வேண்டியவர்கள் வரிசையில் நீ இல்லை. உன் எண்கள் சரி, உன் ஒப்பீடு சரி. ஆங்கிலத்தில் நாம் எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதைத் தமிழில் ஒருவருக்குச் சொல்லும் வேலை என்னுடையது. அதைத்தான் நான் சிவப்பு மையால் ஓரத்தில் எழுதி முடித்துக்கொண்டேன்.

வேலையை விட்டு வா என்று சொல்ல மாட்டேன். வராதே என்றும் சொல்ல மாட்டேன். அதை நீயும் உன் அண்ணனும் பேசிக்கொள்ளுங்கள். என்னால் கேட்க முடிவது ஒன்றுதான். அம்மாவுக்குப் போன் செய்யும்போது நோயைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதே. ஏன் மறைத்தாய் என்று அழாதே. அந்த மாவை எப்படி இடித்தாய் என்று கேள். மூன்று டப்பாவும் ஒரே பதமாக இருந்தது, எந்தத் தொழிற்சாலையில் வாங்கினாலும் அப்படிக் கிடைக்காது, அது எனக்குத் தெரியும்; நான் அவரிடம் சொன்னதில்லை. நீ சொல். நன்றாகச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். உனக்கு ஒரு கெடுதலும் வராது.

சத்தியத்தை மீறி இதை அனுப்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதி வைக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அபிதகுஜாம்பாள்


14.11.2025, வெள்ளி மாலை ஐந்து மணி.

இன்று நடந்தது.

காலை ஆறு ஐம்பதுக்கு டிக்கெட் கொடுக்குமிடத்தில் நின்றேன். ஏழு மணிக்கு உன் அம்மா வரவில்லை. ஏழேகாலுக்கும் வரவில்லை. ஏழரைக்கு முதல்வருக்குப் போன் செய்து இன்று முழு நாளும் வர மாட்டேன் என்று சொன்னேன். ஏழு முப்பத்தைந்துக்குக் குமரேசனின் வண்டி வந்தது, பின்னால் உன் அம்மா. தெருத் தண்ணீரில் வண்டி நின்றுபோனதாம். அவர் கையில் அதே ஹார்லிக்ஸ் பாட்டில்.  கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன், கழுவிக் குடிதண்ணீர் நிரப்பியிருந்தார்.

குமரேசனும் வண்டியை நிறுத்திவிட்டு எங்களோடு வந்தான். செங்கல்பட்டு ரயில் நிற்கும் நடைமேடையைத் தாண்டிப் போனோம். கடற்கரை ரயில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் எங்கள் டோக்கன் அறுபத்து நான்கு. மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். உன் அம்மா, 'வூட்ல வேலை இருந்திச்சி' என்றார். நான் குறுக்கிட்டுப் புளியங்கொட்டையைச் சொன்னேன், அது என் பேட்டியைப் படித்துச் செய்தது என்றும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கோப்பில் 'நாட்டு மருந்து' என்று ஆங்கிலத்தில் எழுதினார். திருத்தச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

கட்டி மே மாதம் மூன்று சென்டிமீட்டர். இன்று நான்கே முக்கால். அக்குளில் ஒரு முடிச்சு கையில் தட்டுகிறது. மே மாதம் அது இல்லை. எலும்பு, ஈரல் பார்க்க ஸ்கேன் நாளை. ரத்தம் எடுத்தார்கள், இரண்டு இடத்தில் நரம்பு கிடைக்கவில்லை, மூன்றாவதில் கிடைத்தது. எல்லாம் ஒத்துவந்தால் திங்கட்கிழமை மருந்து தொடங்கும். பிழைப்பாரா என்று கேட்டேன். தொடங்கட்டும், பார்ப்போம் என்றார் மருத்துவர். நானும் என் மாணவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கிண்டி தாண்டியதும் உன் அம்மா, கண்ணை மூடியிருந்தவர், மூடியபடியே, 'ஓவியாவுக்கு எழுதிட்டீங்களா' என்று கேட்டார். எழுதிவிட்டேன், அனுப்பவில்லை என்றேன். பல்லாவரம் வந்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு சொன்னார்:

'அனுப்புங்க. ஆனா அந்த சைபரை மட்டும் எழுதாதீங்க, மேடம். புள்ள மனசு கஷ்டப்படும்.'

ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை.